யா மிஸ்மோவுக்கு எத்தனை நிமிடம்

திக்னா தொமாலாவின் இடது முழங்கால் இளநீர்க்காய் மாதிரி வீங்கிய வருஷத்தில்தான் எங்கள் தீவின் இறால் பண்ணைக்கு சென்சார் வந்தது. பத்தொன்பது வருஷம், மழையோ வெயிலோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பன்னிரண்டு குளத்தின் கரையையும் சுற்றி வந்து, தண்ணீருக்குள் மீட்டர் கம்பியை இறக்கி, ஆக்சிஜன் எவ்வளவு என்று நோட்டில் எழுதினவள் அவள். இறாலுக்கு மூச்சு முட்டினால் அது கத்தாது. மெல்ல மேலே வரும், கரையோரம் ஒதுங்கும், பிறகு மல்லாந்துவிடும். அதற்கு முன்னால் கண்டுபிடித்து, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரியேட்டர் சக்கரத்தை ஓட்டிவிட வேண்டும். அதற்குத்தான் அத்தனை நடையும்.

அவள் அப்பா தெயோஃபிலோ சதுப்புக்காட்டில் நண்டு பிடித்தவர். அவரோடு சேர்த்து அண்ணன் தம்பிகள் ஏழு பேர். ஏழு பேரில் கைக்கடிகாரம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். வாழைப்பழக் கப்பல் மாலுமி ஒருவனிடம் ஒரு சாக்கு நண்டு கொடுத்து வாங்கியது. அதைக் கட்டிக்கொண்டு, கேட்காதவர்களுக்கெல்லாம் மணி சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டினார். அவர் போன பிறகு கடிகாரம் திக்னாவின் கைக்கு வந்தது. நேரம் பார்க்கும் வியாதியும் கூடவே வந்தது.

எங்கள் பக்கத்தில் அது வியாதிதான். இங்கே எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: யா மிஸ்மோ. அந்த ஸ்பானிஷ் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் "இதோ, இப்பவே" என்று பொருள். படகு எப்போது வரும்? யா மிஸ்மோ. சோறு ஆச்சா? யா மிஸ்மோ. பாதிரியார் கிளம்பிவிட்டாரா? யா மிஸ்மோ. சொல்கிறவரும் நம்ப மாட்டார், கேட்கிறவரும் நம்ப மாட்டார், இரண்டு பேருக்கும் மனசு மட்டும் நிறைந்துவிடும். திக்னா ஒரே ஒரு தடவை நம்பினாள். புருஷன் ரிகோபெர்த்தோ ஆரஞ்சு பறிக்க ஸ்பெயினுக்குக் கிளம்பியபோது படகுத்துறையில் நின்று, "யா மிஸ்மோ உன்னையும் அழைச்சுக்கறேன்டி" என்றான். அன்றைக்கு அவள் ஆக்சிஜன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியும் மணியும் நிமிடமும் எழுதி வைத்தாள். அந்த வரிக்கு எதிரே இன்னும் காலியாகவே இருக்கிறது.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. பண்ணையில் யார் யா மிஸ்மோ சொன்னாலும் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்வாள். சொன்ன நேரம் ஒரு பக்கம், செய்த நேரம் எதிரே. ஏரியேட்டர் ஓட்டுகிற இப்போலித்தோ அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி, பெரியப்பா கிரிசாந்தோவின் கடைசி மகன். பேரிலேயே "இப்போ" இருக்கிறது, ஆளிடம் இல்லை. சாதாரண நாளில் அவனுடைய யா மிஸ்மோ நாற்பது நிமிடம். சாப்பிட்ட பிறகு தொண்ணூற்றைந்து. பெண்டாட்டி கோபமாக இருந்தால் முப்பத்தைந்து.

சென்சாரைக் கொண்டுவந்தவர் இஞ்சினியர் டார்வின். பண்ணை முதலாளி தொன் அக்கிலேஸின் மூத்த மருமகன். குவாயாகில் பட்டணத்தில் படித்தவர். தண்ணீரைக் குடித்திருக்கிறார், குளித்திருக்கிறார், அதற்கு மேல் தண்ணீரோடு பழக்கமில்லை. குளத்துக்கு ஒன்று என்று பன்னிரண்டு சென்சாரை மிதக்க விட்டார். நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றும் ஆக்சிஜன் அளவைப் பண்ணை ஆபீசின் திரைக்கு அனுப்பும். இனிமேல் கரையில் யாரும் நடக்க வேண்டாம், திரை முன்னால் உட்கார்ந்து, அலாரம் எப்போது அடிக்க வேண்டும் என்று விதி எழுத ஒரு ஆள் போதும் என்றார்.

"யார் எழுதறது?" என்று தொன் அக்கிலேஸ் கேட்டார்.

"தண்ணி தெரிஞ்ச ஆள் வேணும் மாமா."

இப்படித்தான் திக்னாவுக்கு நாற்காலி கிடைத்தது. மூன்று மாதம் சோதனைக்கு. சரிப்பட்டால் நாற்காலி, சரிப்படாவிட்டால் சென்சாரை எல்லாம் பிடுங்கிவிட்டு, பழையபடி மீட்டரும் கரையும். முழங்கால் மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "இன்னும் ஒரு மழைக்காலம் நடந்தீங்கன்னா, அப்புறம் நடக்கறதைப் பத்தி நாம பேசவே வேண்டியிருக்காது."

விதி எழுதுகிற பக்கத்தில் மூன்றே கட்டங்கள். என்ன நடந்தால்? எவ்வளவு நேரம் நடந்தால்? யாருக்குச் சொல்ல? முதல் கட்டம் சுலபம்: ஆக்சிஜன் மூன்றுக்குக் கீழே. வம்பெல்லாம் நடுக்கட்டத்தில்.

"எவ்வளவு நேரமாவது! உடனே! என் இறால் சாகுது, நான் காத்துக்கிட்டு இருக்கணுமா? சைபர் போடு!" என்றார் தொன் அக்கிலேஸ்.

"சைபர் போட்டா கொக்கு வந்து உட்கார்ந்தாக்கூட அடிக்கும் தொன் அக்கிலேஸ். பதினஞ்சு நிமிஷம் தொடர்ந்து கீழே இருந்தாத்தான் அது நிஜம்."

"தொமாலா, குளம் யாருது?"

சந்தோஷமாக இருந்தால் அவர் திக்னிதா என்பார். தொமாலா என்றால் பேச்சு முடிந்தது. சைபர் போட்டாள்.

அந்த வாரம் நானூற்றுப் பன்னிரண்டு தடவை அலாரம் அடித்தது. கொக்கு சென்சாரின் மேல் உட்கார்ந்தது, அடித்தது. நண்டு ஒன்று கம்பியைக் கட்டிப்பிடித்தது, அடித்தது. பேத்தியின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவில், பிஷப் எழுந்து வாழ்த்துரை சொல்லும்போது தொன் அக்கிலேஸின் கோட்டுப் பைக்குள் ஒன்பது தடவை அடித்தது. பிஷப் ஒன்பதாவது தடவை வாழ்த்தைப் பாதியில் நிறுத்தி, "யாரோ அவசரமா சொர்க்கத்துக்குக் கூப்பிடறாங்க போல" என்றார்.

மறுநாள் பதினைந்து நிமிடத்துக்கு அனுமதி கிடைத்தது. கூடவே ஒரு பட்டியலும் வந்தது. பூசை நேரத்தில் எனக்கு அடிக்கக் கூடாது. கால்பந்து ஆட்டத்தின்போது அடிக்கக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில், சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில், அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமை விருந்தின்போது பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை, அறவே கூடாது. திக்னா எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்றினாள். ஏற்றி முடித்துப் பார்த்தால், தொன் அக்கிலேஸின் இறால் சாக வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை மாலை நாலேகாலுக்கும் ஐந்தரைக்கும் நடுவில்தான் செத்தாக வேண்டும். வெயிலடிக்கிற மாலையில் எந்தக் குளத்திலும் ஆக்சிஜன் குறையாது.

அடுத்து டார்வின் ஒரு தாளை எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் போய்க் கேட்டார்: அலாரம் அடித்தால் எவ்வளவு நேரத்தில் சக்கரத்தை ஓட்டுவீர்கள்? அத்தனை பேரும் ஒரே குரலில், "யா மிஸ்மோ, இஞ்சினியர்." அவர் மனம் குளிர்ந்து எல்லோர் பெயருக்கும் எதிரே "1 நிமிடம்" என்று எழுதிக்கொண்டு வந்தார்.

திக்னா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. தன் நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். "இஞ்சினியர், இப்போலித்தோ வர நாப்பது நிமிஷம் ஆகும். மூணுக்குக் கீழே போனப்புறம் அவனைக் கூப்பிட்டா அவன் பாக்க வர்றது பொணத்தை. அவனுக்கு மட்டும் நாலுக்குக் கீழே போறப்பவே அடிக்கணும். அப்பத்தான் அது மூணாகறதுக்கும் இவன் முகம் கழுவிட்டு வர்றதுக்கும் சரியா இருக்கும்."

டார்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இதை நீங்க எங்க படிச்சீங்க?"

"கரையில."

அப்படியே விதி எழுதினார்கள். அவரவர் வர ஆகும் நிமிடத்தைப் போட்டு, அதற்கேற்ப ஆளுக்கு ஒரு அளவில் அலாரம். ஒரு மாதம் ஒரு தப்பும் இல்லை. அலாரம் அடிக்கும், இப்போலித்தோ யா மிஸ்மோ என்பான், நாற்பது நிமிடம் கழித்துச் சாவகாசமாக வந்து சக்கரத்தை ஓட்டுவான், ஆக்சிஜன் சரியாக மூன்றில் நிற்கும். தான் எவ்வளவு சுறுசுறுப்பானவன் என்று அவனே மாமியார் வீட்டில் சொல்லிப் பெருமைப்பட ஆரம்பித்துவிட்டான்.

கெட்டது எப்படி என்றால், இறால் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேர் பண்ணை பார்க்க வந்தார்கள். தொன் அக்கிலேஸ் புதுச் சட்டை போட்டு, டார்வினை விட்டுப் பெரிய டிவியில் எல்லாவற்றையும் காட்டச் சொன்னார். டார்வின் ஒவ்வொரு பக்கமாகக் காட்டிக்கொண்டே வந்தார். திடீரென்று, திக்னா தன் நோட்டிலிருந்து ஏற்றி வைத்திருந்த பட்டியல் டிவி முழுக்க விரிந்தது. தலைப்பு: "யா மிஸ்மோ, ஆள் வாரியாக." முதல் வரி இப்போலித்தோ, நாற்பது. நடுவில் பாதிரியார், நூற்றிருபது. கடைசி வரி: "தொன் அக்கிலேஸ், ஏழாம் குளத்துப் புது ஏரியேட்டர், 21,03,840."

வந்தவர்களில் ஸ்பானிஷ் தெரிந்த ஒருத்தி கேட்டாள்: "இது என்ன எண்?"

மூலையில் நின்ற திக்னாவுக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாது. "நிமிஷம் அம்மா. யா மிஸ்மோ வாங்கறேன்னு சொல்லி நாலு வருஷமாச்சு. அந்தக் கட்டம் நிமிஷத்தை மட்டும்தான் எடுத்துக்குது. லீப் நாளையும் சேர்த்திருக்கேன்."

அவர்கள் போகும் படகு வளைவில் மறைகிற வரை தொன் அக்கிலேஸ் சிரித்த முகமாகக் கையாட்டினார். பிறகு திரும்பினார்.

"தொமாலா! என் பண்ணையில எல்லாரும் சமம். அலாரம் அடிச்சா வந்து சேர எல்லாருக்கும் அஞ்சே நிமிஷம். அந்தப் பட்டியலை இப்பவே அழி. இன்னொரு தடவை என்னை இப்படிக் கூசவெச்சே, இல்ல ஒரே ஒரு குளம் மல்லாந்துச்சு, அந்த நாற்காலியை நானே தூக்கி ஆத்துல போடுவேன். மீட்டரை எடுத்துக்கிட்டு நீ கரைக்குப் போ!"

இப்போலித்தோவும் கோபமாக வந்தான். "அக்கா, கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சேன். நாப்பதுன்னு டிவியில போட்டுட்டியே! முப்பதுன்னு போடக் கூடாதா?"

"முப்பதுல ஒரு நாள் வந்து காட்டு, போடறேன்."

"வர்றேன் பாரு."

"எப்போ?"

"யா மிஸ்மோ!" என்று கத்திவிட்டுப் போனான்.

திக்னா பட்டியலை அழித்தாள். மூன்றுக்குக் கீழே பதினைந்து நிமிடம் இருந்தால் எல்லோருக்கும் ஒன்றுபோல் அலாரம், அடித்த பிறகு வந்து சேர ஐந்து நிமிடம் என்று போட்டாள். சொன்னதைச் செய்கிறவள் அவள். அன்று மாலை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கட்டத்துக்கும் உத்தரவு இருந்தது, நடுக்கட்டத்துக்கும் உத்தரவு இருந்தது. மூன்றாவது கட்டத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. யாருக்குச் சொல்ல?

யார் யாருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எழுதினால் அவமானம். சரி. யார் யாருக்குப் பயப்படுவார்கள் என்பதை எழுத வேண்டாம், தெரிந்திருந்தால் போதும். அதற்கு நோட்டே வேண்டியதில்லை. தீவில் பிறந்தவர்களுக்கு அது தாய்ப்பாலோடு வருகிற படிப்பு. இப்போலித்தோவுக்குக் கடவுளிடம் பயமில்லை, மாமியார் தொன்யா ரமோனாவிடம் உண்டு. அந்த ரமோனா திக்னாவின் மகனுக்கு ஞானஸ்நானத்தில் தலை தொட்டவள். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் அழைப்பார்கள். தொன் அக்கிலேஸுக்கு யாரிடம் பயம் என்பது அவர் வீட்டு நாய்க்கும் தெரியும். அக்கா பியேதாத். எண்பத்தொரு வயதிலும் ஊரே அவளை நீன்யா பியேதாத், அதாவது "சின்னப்பொண்ணு பியேதாத்" என்றுதான் கூப்பிடும். பண்ணையில் பாதி அவள் பேரில். தம்பிக்கு முதன்முதலில் கால்சட்டை மாட்டிவிட்டவள் அவள்தான், இன்றுவரை அதை மறக்க விட்டதில்லை.

திக்னா புதிதாக இரண்டு விதி எழுதினாள். எழுதின பிறகு போன் போட்டு இரண்டு பேரிடமும் சொல்லியும் வைத்தாள். ரமோனா, "எதுக்கு கொமாத்ரே இதெல்லாம்? சரி, அடிக்கட்டும்" என்றாள். நீன்யா பியேதாத், "எனக்கு எவளும் போனே போடறதில்ல, அடிச்சா நல்லதுதான்" என்றாள்.

பிப்ரவரி மழை மூன்று நாள் விடாமல் மூடிக்கொண்டு பெய்தது. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது, வானம் மட்டும் ஈயத்தட்டு மாதிரி கிடந்தது. ஏழாம் குளத்துத் தண்ணீர் காலையில் பச்சையாக இருந்தது, பத்து மணிக்குப் பழுப்பாகிவிட்டது. பாசி மொத்தமாகச் செத்துவிட்டது என்று திக்னா ஜன்னலிலிருந்தே கண்டுகொண்டாள். அந்தக் குளத்து இறால் புதன்கிழமை அறுவடைக்கு நின்றது. பண்ணையிலேயே பெரிய குளம் அதுதான்.

பன்னிரண்டு இருபதுக்கு ஆக்சிஜன் மூன்றுக்குக் கீழே இறங்கியது. பதினைந்து நிமிடம் கழித்து, விதிப்படி, இப்போலித்தோவின் போனில் அலாரம் அடித்தது. அவன் ஆற்றுக்கு எதிர்க்கரையில் மாமியார் வீட்டில், மரச்சுத்தியால் நண்டு உடைத்துத் தின்றுகொண்டிருந்தான். திக்னாவே கூப்பிட்டாள்.

"தம்பி, ஏழாம் குளம்."

"யா மிஸ்மோ அக்கா."

பின்னால் நண்டு ஓடு உடைகிற சத்தம் கேட்டது. திரையில் 2.6. ஐந்து நிமிடம் ஆனது. அடுத்த விதி நேரம் தவறாமல் விழித்துக்கொண்டு தொன்யா ரமோனாவின் போனில் கப்பல் சங்கு மாதிரி ஊதியது. திரையில் வருவதற்கென்று திக்னா தன் கையால் எழுதிய வாசகம்: "ஏழாம் குளத்தில் மூச்சு முட்டுகிறது. உங்கள் மருமகன் யா மிஸ்மோ சொல்லியிருக்கிறார்."

இப்போலித்தோ போனை வைக்க மறந்திருந்தான். அதனால் எல்லாம் திக்னாவின் காதில் விழுந்தது.

"டேய்! உனக்கு நண்டு கேக்குதா? அங்க குளம் சாகுது, நீ காலை உறிஞ்சிக்கிட்டு இருக்கே!"

"அத்தே, இந்த ஒரு கொடுக்கு..."

"கொடுக்கை வெச்சிட்டு எழுந்திரு! சுத்தி என் கையில இருக்கு பாத்துக்கோ!"

பன்னிரண்டு நிமிடத்தில் அவனுடைய படகு இந்தக் கரையைத் தட்டியது. கடைசிப் பக்கத்தில் அப்படி ஒரு எண் அவனுக்கு இதுவரை விழுந்ததே இல்லை. மேலெல்லாம் நண்டுக் குழம்பு. பின்னாலேயே சுத்தியோடு ரமோனாவும் வந்து இறங்கினாள்.

ஓடிப்போய் ஏரியேட்டர் இன்ஜினைத் திறந்தால் டேங்க் காலி. டீசல் அறையில் பூட்டு. ஒரு தடவை மூன்று பீப்பாய் டீசல் காணாமல் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அறைச் சாவி தொன் அக்கிலேஸின் சட்டைப்பையில்தான் இருக்கும். பூட்டில் கை வைக்கிறவன் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்.

"உடைச்சிடட்டுமா அக்கா?"

திக்னா சுவரைப் பிடித்துப் பிடித்து நொண்டிக்கொண்டு அங்கே வந்திருந்தாள். கதவில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். குளத்தைப் பார்த்தாள். கரையோரம் இறால் மேலே வர ஆரம்பித்திருந்தது, ஆயிரமாயிரம் மீசைகள் தண்ணீரை வருடின. தொன் அக்கிலேஸைக் கூப்பிட்டாள். அவருக்கு அலாரம் அடிக்காது, ஞாயிறு விருந்து நேரம், அவரே போட்ட விதி.

"தொன் அக்கிலேஸ், டீசல் அறைப் பூட்டை உடைக்கணும், ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"சூப் ஆறிப்போகுது தொமாலா. யா மிஸ்மோ கூப்பிடறேன்." வைத்துவிட்டார்.

1.9. திக்னா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உடைச்சாத்தான் என்னடி, கொமாத்ரே?" என்றாள் ரமோனா. "இரு, இன்னும் நாலு நிமிஷம்" என்றாள் திக்னா. அதற்குள், ஞாயிற்றுக்கிழமைக்கென்று எழுதிய இரண்டாவது விதி நீன்யாவின் போனில் அடிக்காவிட்டால் சுத்தியை வாங்கித் தானே உடைப்பது, நாற்காலி ஆற்றோடு போகட்டும் என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

மூன்றாவது நிமிடத்தில் அவள் போன் அடித்தது. எடுத்ததும் கிழட்டுக் குரல் ஒன்று அதிர்ந்தது.

"யாரது, தெயோஃபிலோ மகளா? என் போன்ல சங்கு ஊதுது, மேஜையில இருந்த கண்ணாடி டம்ளரெல்லாம் குதிக்குது. 'சாவி உங்கள் தம்பியின் சட்டைப்பையில்' அப்படின்னு எழுதியிருக்கு. நிஜமா?"

"நிஜம் நீன்யா."

"அக்கிலேஸ்! பையில என்னடா வெச்சிருக்கே? எந்திரிச்சு நில்லு! ஸ்பூனைக் கீழே வை!" பிறகு போனுக்குள், "உடைம்மா. பாதிக் கதவு என்னுது. என் பாதியை உடை."

ரமோனா ஒரே அடியில் இரண்டு பாதியையும் உடைத்தாள். இப்போலித்தோ டீசலை ஊற்றி இன்ஜினை இழுத்தான். சக்கரம் தண்ணீரை அறைந்து வெள்ளையாகக் கிளப்பியது. ஆக்சிஜன் 1.7இல் இரண்டு நிமிடம் நின்றது. பிறகு 1.8. தெற்கு மூலையில் ஒரு படகு அளவுக்கு இறால் மல்லாந்து, கடல்பறவைகளுக்கு விருந்தானது. மற்றதெல்லாம் கீழே இறங்கிவிட்டது. மூன்று மணிக்கு 3.4.

"நாப்பதா பன்னெண்டா?" என்று இப்போலித்தோ மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"பன்னெண்டுதான்டா. ஆனா அது உன் கணக்குல வராது, உன் மாமியார் கணக்குல வரும்."

திங்கட்கிழமை காலை தொன் அக்கிலேஸ் தனிப் படகில் வந்தார். ஆபீசுக்குள் நுழைந்ததும் முதலில் நாற்காலியைப் பார்த்தார். திக்னா எழுந்து நின்றாள். மீட்டர் சுவரில் தொங்கியது. இரண்டு பேரும் அதையும் பார்த்துக்கொண்டார்கள்.

"என் அக்காவை எழுதினது யாரு?"

"நான்தான். 'யாருக்குச் சொல்ல'ன்னு அந்தக் கட்டம் கேட்டுது தொன் அக்கிலேஸ்."

"பதினாலு பேர் முன்னாடி என்னை எழுந்து நிக்க வெச்சா. எனக்கு அறுபத்தொம்பது வயசு."

திக்னா நாற்காலியை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"நாற்காலியை ஆத்துல போடலாம்னுதான் வந்தேன். அவ விட மாட்டேங்கறா. அதுக்கு மெத்தை வேற தெச்சுக் கொடுத்தனுப்பியிருக்கா." கக்கத்தில் இடுக்கியிருந்த பூப்போட்ட மெத்தையை எடுத்து, அது தன் கையைச் சுடுவது மாதிரி நாற்காலியில் போட்டார். "உக்காரு. நீ இங்கயே இரு. ஆனா ஒண்ணு, திக்னிதா. என் அக்காவை அந்தக் கட்டத்திலேர்ந்து எடுத்துடு. இப்பவே எடு."

திக்னா மெத்தையின் மேல் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள்.

"யா மிஸ்மோ, தொன் அக்கிலேஸ்."

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் படகுக்குப் போனார். திக்னா நோட்டைத் திறந்து, கடைசிப் பக்கத்தில், புருஷனுடைய வரிக்குக் கீழே இருந்த இடுக்கில் தன் பேரை எழுதி, எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டு, சொன்ன நேரத்தை மட்டும் குறித்தாள்: எட்டு நாற்பத்திரண்டு.